மாமனின் ஜப்பான் பெட்டி

நம் வயதுக்காரர்கள் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். நினைவிருக்கிறதா? தனி அறை, அதற்கு ஒரு பூட்டு, உள்ளே குளிர்காற்று, மேஜைமேல் துணி போர்த்திய பெட்டி. தூசு பட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பாதி பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது நம் பிள்ளைகள் சோற்றுக் கையோடு திரையைத் தேய்க்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை.

நான் அந்த அறைக்குப் போவதற்குப் பல வருஷம் முன்பே ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டேன். அதுவும் தக்காளித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானே கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் தட்டைப் போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் என்னைப் போலீஸ் என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை, ஒரு கோடையில் வந்தது.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். நான் ஐந்தாவது முடித்திருந்த லீவு. கிணறு வற்றி, அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. அப்பா டிராக்டரில் தண்ணீர் வாங்கி வந்து தக்காளிச் செடிக்குச் சொம்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா முழுகாமல் இருந்தாள். எனக்கு அடுத்து ஒரு தங்கச்சி இருந்ததால் அது மூன்றாவது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் இரண்டும் பெண்ணாகப் போன வீட்டில் மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். பெண் என்று தெரிந்தால் வயிற்றிலேயே முடித்துவிடுவார்கள். தெரியாமல் பிறந்துவிட்டால் எருக்கம்பால். இதெல்லாம் பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆனால் எந்த வீட்டில் பிறந்த குழந்தையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அத்தையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு அக்கா, அடுத்த வீடு. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள், அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள். அவள் பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கும் தங்கச்சிக்கும் தினமும் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். வலிக்காமல் பின்னுவாள். அந்தக் கைதான் எனக்கு இன்றுவரை குழப்பம்.

அந்த வெயிலில்தான் மாமன் வந்து இறங்கினான். அம்மாவுக்கு ஒரே தம்பி. பெங்களூரில் பூமிக்குள் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துச் சொல்லும் ஒருவரிடம் வேலை பழகி, தனியாகத் தொழில் தொடங்கியிருந்தான். சாக்கில் சுற்றிய இரும்புக் கம்பிகளையும் வயர் சுருள்களையும் பஸ் கூரையிலிருந்து இறக்கிக் கீழே போட்டான். தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கியது. வாசலில் அம்மா வாங்கப் போனபோதுகூட அதைக் கொடுக்கவில்லை. அத்தையின் கண் முதலில் போனது அங்கேதான்.

"எல்லாத்தையும் தொப்புனு போடறவன், அந்தப் பைய மட்டும் கொழந்தையாட்டம் வெச்சிருக்கறானே" என்றாள் அப்பாவிடம். "என்னத்தக் கொண்டாந்திருக்கறான்னு கேளுடா."

அப்பா கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"கையத் தொடச்சிட்டு வா பாப்பா, காட்டறன்" என்றான் மாமன்.

பைக்குள்ளிருந்து வந்தது ஒரு வீடியோ கேசட் அளவுதான் இருந்தது. கொஞ்சம் தடிமன். மூடியைத் திறந்ததும் உள்ளே அத்தனையும் குட்டி குட்டியாக இருந்தன. என் விரலுக்கே எழுத்துப் பட்டன்கள் நெருக்கம். ஒவ்வொரு பட்டனிலும் ஆங்கில எழுத்தோடு இன்னொரு கோணல் எழுத்தும் இருந்தது. ஜப்பான் எழுத்தாம். திரைக்கு வலப்பக்கம் துவரம்பருப்பு அளவில் ஒரு குமிழ். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் திரையில் அம்புக்குறி நகரும். அம்பு நின்ற இடத்தில் அழுத்துவதற்கான பட்டன்கள் மூடியின் முதுகில் இருந்தன. மூடியைக் கையால் பிடித்திருப்பது போலத்தான் தெரியும், ஆனால் பின்னால் விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும். எதிரே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வந்திருந்த ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். கை மாறிக் கை மாறி மாமனிடம் வந்திருக்கிறது. அதே வரிசையில் அவர்கள் வருஷா வருஷம் ஒரு புது மாடல் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும், தன்னுடையது நடுவில் வந்தது என்றும் மாமன் சொல்வான். போட்டதும் உள்ளே ஏதோ கிர்ரென்று சுற்றும், பிறகு அடிப்பக்கம் சூடாகும். புது ரேடியோவைப் பிரித்தால் வரும் அந்த வாசம் வரும். நான் மூக்கை வைத்து முகர்ந்தேன். அத்தை தூரத்தில் நின்று என்னை இழுத்தாள்.

"அது என்ன எழுத்துடி அதுல? மந்திரத் தகட்டுல எழுதற மாதிரி இருக்குது. தொடாத, வா."

அன்று முதல் அவளுக்கு அது சாதாரணப் பெட்டி இல்லை.

மறுநாளிலிருந்து தோட்டத்தில் கம்பிகளை நேர்கோட்டில் நட்டு, வயர் இழுத்து, ஒரு மீட்டரில் முள் நகர்வதைப் பார்த்து எண்களைச் சொல்வான் மாமன். நான் அவற்றை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் இரண்டு விரலால் அந்தக் குட்டிப் பட்டன்களில் தட்டுவான். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வளைகோடு ஏறி இறங்கி வந்து நிற்கும். வரப்பில் உட்கார்ந்து என் கையில் கொடுத்து, "இந்த எடத்துல கோடு கீழ எறங்குது பாரு, அங்க பாறை ஒடைஞ்சிருக்குது. ஒடைசல்லதான் தண்ணி நிக்கும்" என்பான்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து தண்ணீர் பார்க்கும் ஆட்களைப் பார்த்துப் பழகியவர். "அத்தன ஆழத்துல இருக்கறது இதுக்குத் தெரியுமா மாப்ள?" என்றார்.

"மண்ணுக்குள்ள கரண்டு போயிட்டு வந்து சொல்லுதுங்க மச்சான்."

"பாறைக்குள்ள இருக்கறதுகூடவா?" என்றாள் அத்தை.

"பாறைக்குள்ளயும்தாங்க அக்கா."

அப்போது பார்த்து அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கை தூக்கில், ஒரு கை இடுப்பில். அத்தை பெட்டியைப் பார்த்தாள், அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் சந்தேகப்பட்ட முதல் பார்வை அதுதான்.

இந்தத் தப்பைச் செய்ய எங்கள் ஊரால் மட்டுமே முடியும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் இரண்டு விதமான மிஷின்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று தண்ணீர் பார்ப்பது. இன்னொன்று வேனில் வைத்துக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிறு பார்ப்பது. இரண்டையும் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாததைத் திரையில் காட்டுபவை. பாறைக்குள் பார்க்கிற பெட்டிக்குத் தோலுக்குள் பார்ப்பது என்ன பெரிய விஷயம்? அத்தைக்கு இந்தக் கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவளுக்கு மட்டுமில்லை. பேச்சு எப்படியோ நர்சம்மா காதுக்கும் போய்விட்டது. எங்கள் ஊருக்குப் பொறுப்பான சுகாதார நர்சு. இரண்டும் பெண்ணாகி மூன்றாவது வயிற்றில் இருக்கும் வீடென்றால் சைக்கிளை அங்கே நிறுத்தாமல் போகமாட்டார். ஒருநாள் நேராக வந்து, மாமன் தோளில் இருந்த பையைக் காட்டினார்.

"அது என்னங்க மிஷினு?"

"கம்ப்யூட்டருங்க."

"இத்துனூண்டா?" நர்சம்மா திறக்கச் சொல்லிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். "வயித்துல வெச்சுத் தேய்க்கற கட்டை எங்க இருக்குது?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. இது பூமி பாக்கறது."

"அப்ப இத்தன வயரு எதுக்கு?"

மாமன் கம்பியையும் மீட்டரையும் எடுத்துக் காட்டி, தோட்டத்துக்கே கூட்டிப்போய் விளக்கினான். விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டேதான் போனது. "எங்கிட்ட எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க தம்பி. நான் வந்துட்டேதான் இருப்பன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். சொன்னபடியே வந்துகொண்டும் இருந்தார்.

சாயங்காலங்களில் மாமன் எனக்கு அந்தப் பெட்டியில் சீட்டு அடுக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தான். சிவப்புமேல் கறுப்பு, கறுப்புமேல் சிவப்பு, இறங்குவரிசையில். காலியான இடத்தில் ராஜாவைத்தான் வைக்கலாம். அந்தத் திரைக்கு ஒரு குணம் இருந்தது. நேர் எதிரே முகத்தை வைத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். அதனால் மாமன் தோளுக்குப் பின்னால் அவன் தலையோடு என் தலையை ஒட்டிவைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பேன். தங்கச்சிக்கு இடம் கிடைக்காது, அழுவாள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம். நான் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அத்தையும் அப்பாவும் பேசிக்கொண்டார்கள்.

"சேலத்துல எடம் இருக்குதுடா. காலையில போனா சாயந்தரம் வந்துடலாம். நாள் கடத்துனா கஷ்டம்."

"மொதல்ல என்னன்னு தெரியணுமில்ல?" என்றார் அப்பா.

"வூட்டுலயே மிஷினு இருக்கறப்ப எதுக்குக் கண்டவன் கால்ல உளுவணும்? பாக்கச் சொல்லு."

எனக்கு எல்லாம் புரிந்துவிடவில்லை. ஆனால் புரிந்தவரைக்கும் போதுமானதாக இருந்தது. அம்மா வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார்கள். அது மாமனின் பெட்டி சொல்வதைப் பொறுத்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை. சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. மாமனையும் பிடிக்கவில்லை. எதற்காக இந்த நேரம் பார்த்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தான்?

அப்பா கேட்டபோது மாமன் சிரித்தான். "அது மண்ணு பாக்கறதுங்க மச்சான். மனுசாளுக்கு ஆவாது."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் காலையில் அத்தை அப்பாவிடம் வந்து, குரலை இறக்கி, "அவன் பாத்துட்டான்டா" என்றாள்.

"என்னக்கா?"

"எப்பவோ பாத்துட்டான். பொட்டப்புள்ளனு தெரிஞ்சுதான் மழுப்பறான். பையனா இருந்தா இந்நேரம் அவனே வந்து சக்கரை குடுத்திருக்க மாட்டானா?"

பாருங்கள், எப்படிப்பட்ட கணக்கு. அவன் வாயைத் திறக்காததே தீர்ப்பாகிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் நம்பிவிட்டார். பாலக்கோட்டுக்குத் தக்காளி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அப்படியே சேலம் போவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்றும் துண்டும் ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டன. அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் புகைந்தது. அம்மா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

மாமன் அந்தப் பையைப் பார்த்தான். வெளியே போய் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து, "செரிங்க மச்சான், பாத்துடலாம்" என்றான்.

அன்று மத்தியானமே நடந்தது. கதவைச் சாத்தினார்கள். அம்மாவைப் பாயில் படுக்கச் சொன்னார்கள். சிமெண்டுத் தரையில் கம்பி நடமுடியாது என்றான் மாமன். அத்தை ஓடிப்போய் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாயின் இரண்டு பக்கமும் சொம்பு, சொம்புக்குள் கம்பி, கம்பியிலிருந்து வயர். இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. மாமன் வயரின் மறுமுனையைப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்தான். எதிலும் மாட்டவில்லை, அடியில் செருகினான். அவனுக்குப் பின்னால் தோளோரம் இருந்தது நான்தான், அதனால் பார்த்தேன்.

திரை வெளிச்சமானது. அப்பா பக்கவாட்டிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருக்குச் சாம்பல்தான் தெரிந்திருக்கும். எனக்கு நேராகத் தெரிந்தது. ஏழு வரிசையில் சீட்டுகள்.

மாமன் மூடியைக் கையால் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் அவன் விரல்கள் மட்டும் நகர்ந்தன. சிவப்புமேல் கறுப்பு, கறுப்புமேல் சிவப்பு. மின்விசிறி இல்லை. எல்லோருக்கும் வியர்த்தது. ஒரு இடம் காலியானது. அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு பட்டன்களின்மேல் விழுந்தது. ஒரு ராஜா வந்தது. அதைக் காலி இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"பையந்தாங்க மச்சான்."

"நல்லாப் பாத்தியா தம்பி?" என்றாள் அத்தை.

"ராஜா கணக்கா இருக்கறானுங்க அக்கா."

அத்தை ஓவென்று அழுதாள். அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மடித்து வைத்திருந்த புடவையும் துண்டும் கொடிக்குத் திரும்பின. அம்மா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமன் எல்லோரையும் ஏமாற்றுகிறான் என்பது மட்டும் உறுதி. எதற்கென்று தெரியவில்லை. அடுப்படியில் அம்மா தனியாக இருந்தபோது போய் மெதுவாக, "அம்மா, அதுல சீட்டுதான் இருந்துச்சு" என்றேன்.

அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகினாள். எங்களை ஒருநாளும் அடித்தறியாதவள். "வாயத் தொறந்த, நாக்க இளுத்து வெச்சுத் தெச்சுப்புடுவன்" என்றாள். ஆக அம்மாவும் ஏமாற்றுகிறாள். அந்த வீட்டில் நான் நம்புவதற்கு அதன்பிறகு தங்கச்சி ஒருத்திதான் மிச்சம்.

அடுத்து வந்த மாதங்களில் அம்மாவுக்கு ராஜ மரியாதை. பாலக்கோட்டிலிருந்து அப்பா மாதுளம்பழம் வாங்கிவருவார், எங்களுக்கு ஒரு முத்துகூடக் கிடைக்காது. பெட்டி சொன்னது பலிக்கும் என்ற நம்பிக்கையில், மாமன் காட்டிய இடத்தில் போர் போடவும் ஏற்பாடு செய்தார். துளை போடும் வண்டி வந்தது. நாள் முழுக்கக் காது கிழிகிற சத்தம். வெள்ளைப் புழுதி கிளம்பித் தக்காளிச் செடி, மாடு, எங்கள் தலைமயிர் எல்லாவற்றிலும் படிந்தது. புழுதியைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. வண்டிக்காரர்கள் குழாயை இறக்கி, குழிமேல் சாக்கைப் போட்டு, கல்லை வைத்து மூடிவிட்டுப் போனார்கள்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாங்க மச்சான். ஊத்து மெதுவா வரும்" என்றான் மாமன்.

அப்பா அவனைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "அக்கா, இவன் மண்ணுலயே பொய் சொல்றான்" என்று அன்று அத்தையிடம் சொன்னார்.

"மண்ணு வேற, வயிறு வேறடா" என்றாள் அத்தை. தனக்கு வேண்டிய இடத்தில் சந்தேகத்தை நிறுத்திக்கொள்ள அவளால் முடிந்தது. எனக்கு அது வரவே இல்லை.

ஐப்பசி மழை தொடங்கவில்லை. அம்மாவுக்கு வலி எடுத்ததும் நர்சம்மாவே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாமன் பின்னாலேயே வந்து, வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து வந்து நர்சம்மாதான் சொன்னார். சொல்லும்போது அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. நான் இங்கயேதான் இருக்கறன்."

அப்பா மாமனிடம் போய் அவன் மடியிலிருந்த பையை எடுத்தார். மாமன் தடுக்கவில்லை, எழுந்து நிற்கவுமில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் பை அவர் மடியில் இருந்தது. வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் தோட்டம். வெயில் சாய்ந்திருந்தது. கல்லைப் புரட்டினார். சாக்கை எடுத்தார். பையிலிருந்து பெட்டியை எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"பொய் சொல்ற நாயி" என்றார், அந்தப் பெட்டியைத்தான். குறுகல் பக்கமாக நிறுத்தி உள்ளே விட்டுவிட்டார்.

வேறு எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் போர்க்குழிக்குள் போகாது. அது அளவெடுத்துச் செய்தது போல் போயிற்று. குழாயில் தட்டித் தட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. போய்க்கொண்டே இருந்தது போல. பிறகு எங்கேயோ அடியில், களக்.

தண்ணீரில் விழுந்த சத்தம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காதிலும் விழுந்திருந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளே போட்டார். மறுபடியும் களக். சாக்கை மூடி, கல்லை வைத்துவிட்டு, "வா போலாம்" என்றார்.

வீட்டில் அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏமாத்திப்புட்டானே! அந்தப் பொட்டி ஏமாத்திப்புட்டுதே!" ஊரே வந்து கேட்டது. வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைத் திட்டினார்கள், மாமனைத் திட்டினார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றாளே என்று அம்மாவைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நேரமில்லை. தினமும் சைக்கிளில் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன நர்சம்மாவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் எதுவென்று எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகுதான் விளங்கியது. அந்த வீட்டில் இருந்த கோபம் முழுக்கப் போர்க்குழிக்குள் போய்விட்டது. குழந்தைமேல் போட மிச்சம் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் அத்தையே அவளுக்குக் கால்நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டாள். வலிக்காத அதே கை.

மழை வந்து போனதும் அப்பா அந்தப் போரில் மோட்டார் இறக்கினார். மழை ஊற்று என்று ஊருக்குச் சொன்னார். மழைக்கு முன்பே தண்ணீர் இருந்தது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் எங்களைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். ஆனால் மாமன் மட்டும் வாசற்படி மிதிக்கக் கூடாது. பொய்ப் பெட்டிக்காரன் என்று பெயர் பரவி, எங்கள் பக்கத்தில் அவனைத் தண்ணீர் பார்க்க யாரும் கூப்பிடவில்லை. வயரையும் கம்பியையும் விற்றுவிட்டு ஓசூரில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

இதில் அம்மா ஒரே ஒரு இடத்தில் பிடிவாதம் பிடித்தாள். கடைக்குட்டிக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவோம்? அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவனை மடிகொடுக்கச் சொன்னார் அப்பா.

"அவளுக்கு மாமன் உசுரோட இருக்கறான்" என்றாள் அம்மா. "அவன் மடியில குத்துனாக் குத்தட்டும். இல்லன்னா காது அப்படியே இருக்கட்டும்."

அப்படியேதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். கடைக்குட்டி ஒட்டுப்பொட்டைக் காதில் ஒட்டிக்கொண்டு போவாள். காலேஜிலும் வெறுங்காது, வேலைக்குப் போன இடத்திலும் வெறுங்காது. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எங்க மாமா இன்னும் வரல" என்று சொல்வாளாம். அவளுக்கு விவரம் தெரிந்ததும் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டு உட்பட.

அந்தப் பெட்டியை நான் பிற்பாடு போனில் தேடிப் பார்த்தேன். அந்த வரிசையே இருக்கிறது. முதலில் வந்த சாம்பல் நிறத்துத் தடிமன்கள், பிறகு மெலிந்தவை, எல்லாம் நின்றுபோன பிறகு நினைவுக்காக இரண்டு திரையோடு விட்ட ஒன்று. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தேடி வாங்கிச் சேர்த்து வைக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் அந்தத் துவரம்பருப்புக் குமிழைத்தான் தேடினேன். இருந்தது. விற்பவர் ஒவ்வொருவரும் நன்றாக இயங்கும் என்று எழுதியிருந்தார்கள். நான் யாரையும் நம்பவில்லை, வாங்கவுமில்லை.

போன தையில் கடைக்குட்டிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் தோடு எடுக்க வந்தபோதுதான் விஷயம் வெடித்தது. "மாமா வராம நான் காதக் குடுக்க மாட்டன். வெறுங்காதோடயே தாலி கட்டிக்கறன்" என்று சொல்லிவிட்டாள். அத்தை இப்போது இல்லை. அப்பாவுக்காகப் பேச ஆளில்லை. இரண்டு நாள் தோட்டத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு தானே ஓசூர் பஸ் ஏறினார்.

மாமன் வந்தான். தலை முழுக்க வெள்ளை. வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் கையிலிருந்த பழப்பையை வாங்கிக்கொண்டாள்.

ஆசாரி வந்து உட்கார்ந்தார். வளர்ந்த பெண்ணை மடியில் எப்படி உட்கார வைப்பது? கடைக்குட்டி கீழே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து மாமன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். அப்பா எதிரே நாற்காலியில் இருந்தார். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று பேசினார்.

"மாப்ள, உன் பொட்டி அன்னிக்குத் தண்ணியிலதான் உளுந்துச்சு."

மாமன் நிமிர்ந்தான்.

"மழைக்கு முன்னாலயே தண்ணி இருந்துச்சு. சத்தம் கேட்டன். உங்கிட்ட சொல்லல." அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். "மண்ணுல அவ்வளவு செரியாச் சொன்ன மிஷினு, வயித்துல மட்டும் ஏன் மாப்ள தப்பாச் சொல்லுச்சு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். அவருக்கு இன்னும் தெரியாது. எங்கள் வீட்டில் அன்றைய திரையைச் சந்தேகப்படாமல் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அப்பாதான்.

"அது ஒண்ணுமே சொல்லலீங்க மச்சான்" என்றான் மாமன். "நாந்தான் சொன்னன்."

ஆசாரி குத்தினார். கடைக்குட்டி ஸ்ஸென்று கண்ணை மூடிக்கொண்டாள். காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் பிறந்ததை இப்போதுதான் உள்ளேயிருந்து வந்து யாரோ சொன்னது போல. பிறகு எழுந்து வந்து, மாமனின் காலருகே கீழே உட்கார்ந்து, தன் துண்டின் முனையால் அந்த ரத்தத்தைத் துடைத்தார்.

"இன்னொரு காதையும் குத்துங்க ஆசாரி" என்றார். "மாமன் புடிச்சுக்குவான்."